இடதுபக்கச் சில்லு

பத்துப் பதினொரு வயதில் அப்பாவுக்கு நாக்காக இருந்தவர்கள் கை தூக்குங்கள் என்றால், லா சப்பல் பக்கம் வளர்ந்த நம்மில் பாதிப்பேர் தூக்குவோம். விசாக் கந்தோரான பிறிபெக்த்தூரின் கண்ணாடிக்கு முன்னால், பல் வைத்தியரின் கதிரைக்குப் பக்கத்தில், பள்ளிக்கூட அதிபரின் மேசைக்கு எதிரில், குதிக்காலை உயர்த்தி நின்று "அப்பா, இவர் என்ன கேக்கிறாரெண்டால்..." என்று தொடங்கிய வாய்கள்தானே நம்முடையவை. இப்போது நமக்கே முழங்கால் பிடிக்கிறது. நம்முடைய பிள்ளைகள் நமக்குக் கைபேசியில் படிவம் நிரப்பித் தருகிறார்கள், பெருமூச்சு விட்டுக்கொண்டு. அதனால் இதை இப்போது சொல்லலாம்.

நாம் எல்லோரும் செய்த ஒன்று இருக்கிறது. யாரும் சொல்லித்தரவில்லை, ஆனால் எல்லோரும் செய்தோம். கண்ணாடிக்கு அந்தப்பக்கம் இருப்பவள் சிடுசிடுத்து, "எத்தனை தடவை சொல்வது, இவருக்கு மண்டையில் ஏதும் ஏறாதா?" என்று கேட்பாள். அப்பா நம் முகத்தைப் பார்ப்பார். நாம் சொல்வோம்: "வாற கிழமை வரட்டாம்." என் வாய்க்குள் ஒரு தேத்தண்ணி வடி இருந்தது என்று வைத்துக்கொள்ளுங்கள். சக்கை என்னோடு நின்றுவிடும். சாயம் மட்டும் அப்பாவுக்குப் போகும். அதில் நான் கெட்டிக்காரி.

எனக்குப் பதினொரு வயதான அந்த வசந்தத்தில் அந்த வடி ஒரு வண்டிச் சில்லை, அதுதான் சக்கரத்தை, உடைக்கப் பார்த்தது.

அப்பா அப்போது ஓர் உணவகத்தின் நிலவறையில் கோப்பை கழுவிக்கொண்டிருந்தார். யாழ்ப்பாணத்தில் அவர் கராச்சில் நின்றவர். கார் வாசலில் வந்து நிற்கும் முன்பே, "கிளச்சு" என்றோ "பேரிங்" என்றோ சொல்லிவிடுவாராம். இங்கே வந்து மூன்று வருடத்தில் அவருடைய விரல்கள் வெந்நீரில் ஊறி, அவித்த கிழங்குபோல வெளிறிப் போயிருந்தன. மெற்றோவில் அந்தக் கைகளைத் தொடைக்குக் கீழே வைத்துக்கொண்டு இருப்பார்.

அவர் நாட்டைவிட்டு வரும்போது கொண்டு வந்தது ஒரு பிஸ்கட் தகரம். அதற்குள் ஆறு ஸ்பனர்கள். அம்மா கலியாண அல்பத்தைக் கொண்டு வரச் சொல்லியிருந்தார். பாரம் என்று விட்டுவிட்டு இரும்பைக் கொண்டு வந்த மனிதர் என்று கடைசிவரை சொல்லிக் காட்டினார். பகிடி என்னவென்றால் அந்த ஆறும் அங்குல அளவு. இங்கத்தைய கார்களுக்கெல்லாம் மில்லிமீற்றர். ஆகவே தகரம் கட்டிலுக்குக் கீழே கிடந்தது. எனக்கு இரண்டு பல்லு விழுந்தபோது அதையும் அதற்குள்தான் போட்டேன்.

பிறகுதான் பாண்டி ஐயாவின் பிக்கப் வந்தது.

பாண்டி ஐயா என்று எங்கள் ஆட்கள்தான் அவரைச் சொன்னார்கள். பாண்டிச்சேரிக்காரர், பிரெஞ்சுக் குடியுரிமை, தபால் கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவர். எந்த நாளும் ரை கட்டியிருப்பார். மெற்றோப் பாலத்துக்குப் பின்தெருவில், ஒரு பழைய கட்டடத்தின் முற்றத்தில் அவருக்கு ஒரு வீடும் தகரக் கூரை போட்ட ஒரு கொட்டிலும் இருந்தன. கொட்டிலுக்குள், பச்சைப் பாம்பின் நிறத்தில் ஒரு பழைய இங்கிலீசு பிக்கப். வட்டக் கண்ணும் தவளை முகமும். யாழ்ப்பாணத்தில் வாத்திமாரும் டொக்டர்மாரும் வைத்திருந்த அந்தச் சின்னக் காரின் தம்பி. பின்பக்கத்தை வெட்டிச் சாமான் ஏற்றப் பெட்டி வைத்தது.

அப்பா வேலைக்குப் போகும் வழியில் கேற்றுக்குள்ளால் அதைக் கண்டார். மூன்று நாள் நின்று பார்த்தார். மூன்றாம் நாள் பாண்டி ஐயா வெளியில் வந்தார்.

"என்னா தம்பி, மூணு நாளா பாக்கறேன். நோட்டம் வுடறீங்களா?"

"இல்லை ஐயா. உந்தச் சில்லு மட்காட்டில முட்டுது. திருப்பேக்கை ரயரை வெட்டும்."

இதை அப்பா எங்களுக்குச் சொல்லிச் சொல்லிச் சிரித்தார். கள்ளன் என்று நினைத்தவர் அடுத்த நிமிடம் உள்ளே கூப்பிட்டுக் கோப்பி கொடுத்திருக்கிறார்.

வண்டி ஐயாவின் மகனுடையது. இங்கிலாந்தில் வாங்கி வந்து, இளந்தாரிகளின் மோகப்படி அதைப் பதித்திருந்தான். முன்பக்கம் தெருவைத் தடவுகிறமாதிரி. "இதென்ன வண்டியா, சப்பாத்தா?" என்று ஐயா ஒருநாள் கேட்டிருக்கிறார். அதில் தொடங்கிய வாக்குவாதம் வேறு எங்கெல்லாமோ போய், மகன் திறப்புச் சாவியை மேசையில் வைத்துவிட்டு மார்செய் நகரத்துக்குப் போய்விட்டான். இரண்டு வருடம். இப்போது ஈஸ்டருக்கு வருகிறேன் என்று கடிதம் போட்டிருந்தான். அதற்கு முன் வண்டியைத் தெருவில் ஓடக்கூடியதாக்கி, கொன்ட்றோலில், அதுதான் வாகனப் பரிசோதனையில், பாஸ் பண்ணி, திறப்பை அவன் கையில் கொடுக்கவேண்டும். ஐயாவுக்கு இருந்தது அந்த ஓர் ஆசைதான்.

எங்களுக்கு இருந்ததும் அதே வண்டியில்தான் தொங்கியது. இரண்டு தெரு தள்ளி ஏற்றத்தில் ஒரு கராச் இருந்தது. அதன் முதலாளி ஒரு பிரெஞ்சுக்காரர், ஐயாவின் பழைய சினேகிதர், காதில் கோடு போடும் சோக்கட்டி செருகியிருப்பார். அவருக்கு ஒரு கை தேவைப்பட்டது. "உன்னுடைய ஆள் இந்த வண்டியின் முன்பக்கத்தைச் சரிப்பண்ணட்டும். கொன்ட்றோலில் பாஸானால் அடுத்த திங்கட்கிழமையே வேலைக்கு எடுக்கிறேன், ஒப்பந்தத்தோடு" என்று ஐயாவிடம் சொல்லிவிட்டார். அன்றைக்கு அம்மா அப்பாவின் கைகளைப் பார்த்தார்.

புதன்கிழமைகளில் எனக்குப் பள்ளிக்கூடம் இல்லை. அப்பாவுக்கும் அன்றுதான் ஓய்வு. ஐந்து புதன்கிழமை அந்தக் கொட்டிலில் இருந்தோம். கட்டிலுக்குக் கீழே கிடந்த தகரம் வெளியில் வந்தது. முதல் நட்டில் ஸ்பனரைப் போட்டுப் பார்த்தார். கச்சிதமாகப் பிடித்தது. அப்பா என்னைத் திரும்பிப் பார்த்த பார்வை, ஏதோ அந்நிய ஊர்ச் சந்தையில் சொந்தக்காரரைக் கண்டவரின் பார்வை.

அந்த வண்டியின் முன்சில்லுகளுக்குச் சுருள் வில்லு இல்லை. ஒவ்வொரு சில்லிலிருந்தும் ஒரு நீளக் கம்பி பின்னால் ஓடும். சில்லு மேலே எழும்பினால் கம்பி முறுகும்; முறுகின கம்பி திரும்ப நிமிரப் பார்க்கும்; அதுதான் வில்லு. கம்பியின் நுனியில் சின்னச் சின்னப் பல்லுகள். மகன்காரன் அந்தப் பல்லுகளில் ஒன்றிரண்டை மாற்றிப் பூட்டியே வண்டியைப் பதித்திருந்தான். அப்பா கம்பியைக் கழற்றி, பல்லு மாற்றி, திரும்பப் பூட்டி உயர்த்தினார். பழைய எண்ணெய் ஒழுகின சொக் அப்சோபர்கள் வேலை செய்யவில்லை. நிமிர்ந்த குழாய் மாதிரிப் புதிய சோடியை வைத்து, அவற்றைப் பிடிக்கும் தாங்கிகளைத் தடித்த தகட்டில் தானே வெட்டித் துளைத்தார். அரத்தின் சத்தம், கோப்பி மணம், ஐயாவின் சவரத் தைலம், மண்ணெண்ணெயில் கழுவின இரும்பு. எனக்கு அந்த ஐந்து புதன்களும் ஒரே மணமாகத்தான் ஞாபகம்.

உயரத்தில் ஒரு இழுபறி நடந்தது. அப்பா முழுதாகத் தூக்கவேண்டும் என்றார். ஐயா குனிந்து சில்லுக்கும் மட்காட்டுக்கும் நடுவில் விரலை விட்டுப் பார்த்தார்.

"முழுசா தூக்கிடாதீங்க தம்பி. ரெண்டு வெரலு கம்மியாவே இருக்கட்டும். வந்து பாக்கறப்போ அவன் வண்டின்னு அவனுக்குத் தெரியணும்."

சப்பாத்தா என்று கேட்ட அதே மனிதர். அப்பா தலையைச் சொறிந்தார். பிறகு இரண்டு விரல் பதித்தே பூட்டினார், ரயர் முட்டாதபடி. இப்போது நினைத்தால், மன்னிப்புக் கேட்கத் தெரியாத ஒரு தகப்பன் அதை இரண்டு விரல் அளவில் கேட்கப் பார்த்தார் என்று விளங்குகிறது. அப்போது எனக்கு அது கிழவரின் பிடிவாதமாகத்தான் பட்டது.

நாலாவது புதன். இடதுபக்கச் சில்லில் அப்பாவுக்கு ஒரு சந்தேகம் இருந்தது. சில்லைத் தாங்கும் நிமிர்ந்த காலின் அடிப்பக்கம், மறை, அதுதான் திருகுவரி, வெட்டிய ஓர் இரும்புக் கிண்ணத்துக்குள் திருகி இறங்குகிறது. அந்த மறைதான் அந்த மூலையின் பாரம் முழுவதையும் சுமக்கும். கிறீஸ் இல்லாமல் பதிந்தபடி ஓடினால் மறை தேய்ந்துவிடும். அப்பா கிறீஸை நிறையப் பிதுக்கி விட்டிருந்தார். ஆட்டினால் ஆட்டம் தெரிந்தும் தெரியாமலும் இருந்தது. புதிதாய்ப் போடுவதென்றால் இங்கிலாந்திலிருந்து வரவேண்டும். மூன்று கிழமையாவது எடுக்கும். கொன்ட்றோலுக்கு நாள் எடுத்தாயிற்று. ஈஸ்டர் வருகிறது.

அன்றைக்குத்தான் கராச்சுக்காரர் வேலையைப் பார்க்க வந்தார். பாண்டி ஐயா பாண் வாங்கப் போயிருந்தார். ஐயா அங்கே நின்றிருந்தால் இந்தக் கதையே இல்லை.

கராச்சுக்காரர் படுத்துப் பார்த்தார். தாங்கிகளைத் தட்டிப் பார்த்தார். இடது சில்லின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினார். ஒரு விரலால் கிறீஸை வழித்தார்.

"அந்த இடப்பக்கம் தாங்குமோ எண்டு கேள் பிள்ளை," என்றார் அப்பா. "மறை காணுமோ எண்டு கேள்."

கேட்டேன். அவர் எழும்பித் துணியில் கையைத் துடைத்தபடி, என்னைப் பார்க்காமல், சில்லைப் பார்த்துச் சொன்னார். சொல்லுக்குச் சொல் எனக்கு இப்போதும் ஞாபகம் இருக்கிறது:

"உன் தகப்பனிடம் சொல், இது காடு இல்லை. காட்டில்தான் தேய்ந்ததைக் கிறீஸுக்குள் புதைப்பார்கள். இந்த மறை முடிந்துவிட்டது. ஒரு திருப்பத்தில் இந்தச் சில்லு படுத்துவிடும். மாற்றாமல் தெருவில் இறக்கக் கூடாது."

எனக்கு 'காடு' என்ற இடத்திலேயே காது அடைத்துவிட்டது. அப்பா நெற்றியில் ஒரு கோடு கிறீஸோடு, மாணவனைப்போல நிமிர்ந்து நின்று, என் வாயைப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்று வருடத்தில் முதல் தடவையாக அவருடைய கைகள் வெளியில் இருந்தன, ஒளிக்காமல். அந்த முகத்துக்கு நான் காட்டைக் கொடுக்க மாட்டேன். வடி தன் வேலையைச் செய்தது. ஆனால் அந்தப் பேச்சில் சக்கையும் சாயமும் வேறு வேறாக இருக்கவில்லையே. காட்டை எடுத்தால் கிறீஸும் வந்தது, கிறீஸை எடுத்தால் மறையும் வந்தது. முழுவதையும் விழுங்கினேன்.

"என்னவாம்?"

"நல்லாயிருக்காம். கிறீஸ் மட்டும் ஒழுங்கா அடிச்சுக்கொண்டிருக்கட்டாம்."

அப்பாவின் தோள் இரண்டும் இறங்கின. "அவர் சொன்னாச் சரி," என்றார். கராச்சுக்காரர் தலையாட்டிவிட்டுப் போனார். சொன்னது போய்ச் சேர்ந்தது என்று அவர் நினைத்திருப்பார். பாண்டி ஐயா பாணோடு வந்தார். மூவரும் சாப்பிட்டோம்.

என்னை இன்றைக்கும் குடைவது நான் சொன்ன பொய் மட்டுமல்ல. கார் வாசலுக்கு வரும் முன்பே நோயைச் சொன்ன மனிதர், தன் கை சொன்ன சந்தேகத்தை ஒரு பதினொரு வயதுப் பிள்ளையின் ஒரு வசனத்துக்காகக் கீழே வைத்துவிட்டார். பிரெஞ்சுக்காரர் சொன்னார் என்பதால். அவருக்கு வேண்டிய பதில் அதுதான் என்பதாலும்.

அந்தக் கிழமை முழுக்க என் வயிற்றில் அந்தச் சில்லு கிடந்தது. 'படுத்துவிடும்' என்று அவர் சொன்னதை, களைத்த மாடு முன்காலை மடித்துப் படுப்பதுபோலக் கற்பனை செய்துகொண்டேன். வெள்ளிக்கிழமை பள்ளிக்கூடத்தில் சைக்கிள் ஒன்று சரிந்து விழுந்த சத்தத்துக்கு எழும்பி நின்றுவிட்டேன்; ரீச்சர் என்னைக் கழுவறைக்குப் போகச் சொன்னார். சனிக்கிழமை அம்மாவிடம் சொல்ல என்று வாயெடுத்தேன். அம்மா என்னை மரக்கறிக் கடைக்குக் கூட்டிக்கொண்டு போனார். அங்கே கடைக்கார அக்காவிடம், வெண்டிக்காயை முறித்துப் பார்த்தபடி, அம்மா சொல்லிக்கொண்டிருந்தார்: "இவருக்குக் கராச்சில சரி வந்திட்டுது. புதன்கிழமை கொன்ட்றோல் முடிய, திங்கட்கிழமை தொடங்கிறார்."

"ஓமோ? அப்ப இனி உங்களோட கதைக்கிறதுக்கும் நாங்கள் ரொன்தேவூ வைச்சு நேரம் எடுக்கோணும்," என்றார் அக்கா.

அம்மா சிரித்தார். அம்மா கடையில் நின்று சிரித்து நான் அதற்கு முன் கண்டதில்லை. அங்கிருந்து போய் அப்பாவுக்கு ஒரு நீல வேலைச்சட்டை வாங்கினார். நான் வாயை மூடிக்கொண்டேன். கொன்ட்றோலுக்குப் போகும் வழி ஒரு கிலோமீற்றர்தானே, என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். ஒரு கிலோமீற்றரில் என்ன நடக்கும்.

புதன் காலை பத்து மணி. அப்பா புதுச் சட்டையில், மடிப்புக் கோடு கலையாமல். ஐயா தொப்பியும் ரையும். இங்கிலீசு வண்டி, ஆகவே ஸ்ரெயறிங் வலப்பக்கம். அப்பா வலது சீற்றில் ஏறி உட்கார்ந்து, "இப்பத்தான் சரியான பக்கம்" என்றார். ஐயா இடதுபக்கம். நடுவில் தலையணை போட்டு நான். ஐயாவின் சப்பாத்துக்கு நேர் கீழே அந்தச் சில்லு.

முற்றத்திலிருந்து நேரே இறங்கி, மெற்றோப் பாலத்தின் ஓரமாகப் பெரிய வீதியில் ஓடினோம். வண்டி மிதந்தது. கல் பதித்த இடத்தில்கூடக் குலுங்கவில்லை. ஐயா கதவில் விரலால் தாளம் போட்டபடி, மகன் வந்ததும் முதலில் எங்கே கூட்டிப்போவது என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் எதிரே பார்த்தேன். சந்திக்கு வந்து, அங்கே வலப்பக்கம் திரும்பி, ஏற்றத்தில் போகவேண்டும். வலப்பக்கம் திருப்பினால் பாரமெல்லாம் இடது சில்லில் விழும் என்று அப்பாவே எனக்கு ஒருமுறை கோப்பைத் தண்ணீரை வைத்துக் காட்டியிருந்தார்.

சந்தியில் சிவப்பு விளக்கு. வண்டி நின்றது.

"அப்பா, அவர் அப்பிடிச் சொல்லேல்லை."

தலைக்கு மேலே மெற்றோ வந்தது. இரும்புப் பாலம் முழுவதும் அதிர்ந்தது. அப்பா என் பக்கம் குனிந்தார். இரண்டாம் தடவை சொல்லவேண்டி வந்தது.

"கராச்சுக்காரர். அவர் நல்லாயிருக்கெண்டு சொல்லேல்லை. மறை முடிஞ்சுதாம். திருப்பத்தில சில்லு படுத்திடுமாம். மாத்தாமல் றோட்டில இறக்க வேண்டாமாம்."

ஐயாவின் விரல் தாளத்தை நிறுத்தியது. அப்பா கண்ணாடிக்கு வெளியே பார்த்தபடி கேட்டார்:

"முழுக்கச் சொல்லு. எப்பிடித் தொடங்கினவர்?"

"அவ்வளவுதான்."

"பிள்ளை. எப்பிடித் தொடங்கினவர்?"

"இது காடில்லையாம். காட்டிலதான் தேஞ்சதைக் கிறீஸுக்குள்ள புதைக்கிறதாம்."

பாண்டி ஐயா முகத்தை மற்றப்பக்கம் திருப்பிக்கொண்டார். அப்பாவின் முகத்தில் ஒன்றும் நடக்கவில்லை. அதைத்தான் என்னால் பார்க்க முடியவில்லை. பச்சை விழுந்தது. பின்னால் ஹோர்ன் அடிக்கத் தொடங்கினார்கள். அப்பா வண்டியைத் திருப்பவில்லை. ஸ்ரெயறிங்கை நூல் பிடித்ததுபோல நேரே பிடித்து, சந்தியைத் தாண்டி, ஆள் நடக்கும் வேகத்தில் ஓரமாக ஊர்ந்து நிறுத்தினார். ஐயா இடது ஜன்னலால் தொப்பியை நீட்டி, பின்னால் வந்தவர்களை விலகிப் போகச் சொல்லி வீசிக்கொண்டிருந்தார்.

இறங்கி ஜாக்கி போட்டார். கிறீஸைத் துடைக்கத் துணியில்லை. புதுச் சட்டையின் கையாலேயே துடைத்தார், முழுவதையும், இரும்பு பளிச்சென்று தெரியும்வரை. பிறகு சில்லின் மேலும் கீழும் கை வைத்து ஆட்டினார்.

டொக்.

இன்னொருமுறை. டொக்.

"எவ்வளவு மிச்சம்?" என்றார் ஐயா.

"ரெண்டு சுத்து. அதுவும் நூல் மாதிரி."

ஐயா மணிக்கூட்டைப் பார்த்தார். ஏற்றத்தைப் பார்த்தார். அப்போது அவர் மெதுவாகச் சொன்னதை நான் அவர்மேல் குற்றமாக வைக்கவில்லை. அந்த இடத்தில் யாருக்கும் அது வாயில் வரும்.

"இன்னும் அரை கிலோமீட்டர்கூட இல்ல தம்பி. கிறீஸை மறுபடி அப்பிட்டு, மெதுவா உருட்டிட்டுப் போனா... அவங்க கண்ணுக்குத் தெரியவா போவுது? பாஸாயிட்டா அப்புறமா மாத்திக்கலாம். உங்களுக்கும் திங்கக்கிழம வேல."

அப்பா நிலத்தில் குந்தியபடி இருந்தார். அவர் யோசித்தார். யோசிக்கவில்லை என்று சொன்னால் பொய். நான் நின்ற இடத்தில் இருந்து அவருடைய பிடரி மட்டும் தெரிந்தது. அது அசையாமல் நின்ற நேரம், என் பதினொரு வருடத்தில் அவ்வளவு நீளமான நேரம் வேறு இல்லை.

"ஐயா, கொன்ட்றோல் முடிய இதை ஆர் ஓடுறது?"

ஐயா கையிலிருந்த தொப்பியின் விளிம்பைத் தடவினார்.

"உங்கட மகன். மார்செய்க்கெண்டு வெளிக்கிடுவான். இப்பிடி ஒரு திருப்பத்தில வேகமாத் திருப்புவான். இளந்தாரிதானே."

பாண்டி ஐயா தொப்பியைத் தலையில் வைத்தார். எடுத்தார். திரும்ப வைத்தார். "திருப்பிட்டுப் போயிடலாம் தம்பி," என்றார்.

ஆனால் திருப்பிப் போக வண்டி ஓட முடியாது. அதுதான் பெரிய கூத்து. செய்தி கடை கடையாக ஓடி, எங்கள் ஆட்கள் வந்துவிட்டார்கள்: கறி வாளியோடு நின்றவர், நகைக்கடையில் காவல் நின்றவர், முடி பாதி வெட்டின ஒருவர் கழுத்தில் துணியோடு. மரக்கறிக் கடையிலிருந்து அரிசி மூட்டைகள் இழுக்கும் தாழ்வான தள்ளுவண்டியைக் கொண்டு வந்தார்கள். ஆறு பேர் வண்டியின் முன்பக்கத்தைத் தூக்கி அதன்மேல் இருத்தினார்கள். பிறகு பட்டப்பகலில், லா சப்பலின் நடுத்தெருவால், பிக்கப்பைப் பின்பக்கமாகத் தள்ளிக்கொண்டு போனோம்.

"அண்ணை, ரிவேர்ஸில கொன்ட்றோல் பாஸ் பண்ணினது நீங்கள்தான்," என்றார் ஒருவர்.

"மூட்டை இழுக்கிற வண்டிக்குக் கொன்ட்றோல் இருக்கோ? இல்லாட்டி அதையும் பிடிப்பான்," என்றார் முடி பாதி வெட்டினவர்.

அப்பா ஸ்ரெயறிங்கை ஜன்னலுக்குள்ளால் பிடித்தபடி நடந்தார். கடை வாசலில் அக்கா நின்றார். பக்கத்தில் அம்மா. பையில் கீரைக் கட்டு வெளியே தெரிந்தது. அம்மா அப்பாவைப் பார்க்கவில்லை. நீலச் சட்டையின் கிறீஸ் கையைப் பார்த்தார். பிறகு பையை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு வந்து, தெருவில் எல்லோர் முன்னாலும், வண்டியின் முன்பக்கத்தில் கை வைத்துத் தள்ளினார். அன்றைக்கு அம்மா என்னை ஒரு வார்த்தை ஏசவில்லை. ஏசியிருக்கலாம்.

வண்டியைக் கொட்டிலில் விட்டதும் அப்பா கை கழுவினார். என்னைப் பார்த்து, "வா" என்றார். பாண்டி ஐயா தானே வந்து பேசுகிறேன் என்றார். அப்பா வேண்டாம் என்றார்.

"இவள்தான் சொல்லாமல் விட்டவள். இவளே கொண்டுபோய்க் குடுக்கட்டும்."

கராச்சுக்காரர் ஒரு காருக்குக் கீழே இருந்தார். சக்கரம் பூட்டின பலகையில் உருண்டு வெளியே வந்தார். எங்களைக் கண்டதும் மணிக்கூட்டைப் பார்த்தார்; நாங்கள் அப்போது கொன்ட்றோலில் நிற்கவேண்டும்.

"நான் சொல்லுறதை அப்பிடியே சொல்லு," என்றார் அப்பா. "கூட்டவும் வேண்டாம், குறைக்கவும் வேண்டாம்."

ஒவ்வொரு வசனமாக நிறுத்தி நிறுத்திச் சொன்னார். நான் ஒவ்வொன்றாகப் பிரெஞ்சில் வைத்தேன். நீங்கள் சொன்னது இன்றைக்குத்தான் எனக்கு வந்து சேர்ந்தது. சில்லைப் பற்றி நீங்கள் சொன்னது சரி. வண்டியைக் கொன்ட்றோலுக்குக் கொண்டுபோகவில்லை. அதனால் வேலை இல்லையென்றால் அது உங்களுடைய இஷ்டம்.

அங்கே அப்பா நிறுத்தினார். எனக்குத் தெரியும், இன்னும் இருக்கிறது.

"காடெண்டு சொன்னதை இன்னொருக்காச் சொல்லக் கூடாது. எனக்கும் சொல்லக் கூடாது. என்ர பிள்ளையின்ர வாயில அதைக் குடுத்து அனுப்பவும் கூடாது. சொல்லு."

என் வாய்க்குள் வடி குறுக்கே நின்றது. இதைச் சொன்னால் வேலை போய்விடும், திங்கட்கிழமை போய்விடும், அம்மாவின் சிரிப்பு போய்விடும். அப்பா என் தோளில் கை வைத்தார். அந்த ஊறின, கிறீஸ் மணக்கும் கை. சொன்னேன். ஒரு சொல்லும் விடவில்லை.

கராச்சுக்காரர் பலகையில் இருந்தபடியே எங்களை அண்ணாந்து பார்த்தார். பிறகு எழும்பினார். காதிலிருந்த சோக்கட்டியை எடுத்து, திரும்பிப் பார்த்து, மறுபடி செருகினார். அவர் சொன்னதும் நீளமில்லை. சொல்லைப் பற்றி உன் தகப்பன் சொல்வது சரி. அந்தத் தாங்கிகளை நான் பார்த்தேன், என்னால் அப்படி வெட்ட முடியாது. மறைக்கான சாமானை இன்றைக்கே எழுதிப் போடுகிறேன். திங்கட்கிழமை எட்டு மணி.

அப்பாவிடம் கொடுத்தேன், நாலு வசனத்தையும்.

"அவ்வளவுதானோ?"

"ஓம்."

"வேற ஒண்டும் சொல்லேல்லையோ?"

"இல்லையப்பா."

அவர் என் முகத்தில் தேடவில்லை. கராச்சுக்காரரின் முகத்தைப் பார்த்தார், நான் சொன்னது உண்மையா என்று. அதைக் கண்டேன். பாண்டி ஐயாவின் மகன் ஈஸ்டருக்கு வந்தபோது வண்டி கட்டையில் நின்றது. அவன் கோபிக்கவில்லையாம், தகப்பனோடு சேர்ந்து இரண்டு நாள் அதன் கீழே கிடந்தானாம். எல்லாம் பிறகு நல்லபடிதான் போயிற்று. ஆனால் அப்பா கராச்சுக்காரரின் முகத்தைப் பார்த்த அந்த ஒரு நொடி இன்றைக்கும் எனக்குள் அப்படியே நிற்கிறது.

திங்கட்கிழமை காலை நான் ஏழு மணிக்கே சப்பாத்துப் போட்டு, புத்தகப்பையை முதுகில் கொழுவி, கதவடியில் நின்றேன். முதல் நாள், என்ன சொல்கிறார்கள் என்று அவருக்கு விளங்காதே. பள்ளிக்கூடம் எட்டரைக்குத்தான், அதற்குள் வந்துவிடலாம் என்று கணக்குப் போட்டிருந்தேன்.

அப்பா தலையை வாரி இழுத்து முடித்து, என்னைப் பார்த்தார். சட்டைப் பையிலிருந்து ஒரு கடதாசித் துண்டை எடுத்து ஒருமுறை வாசித்து மடித்து வைத்தார். பாண்டி ஐயா பிரெஞ்சு வசனங்களைத் தமிழ் எழுத்தில் எழுதிக் கொடுத்திருந்தார்.

"நீ பள்ளிக்கூடம் போ பிள்ளை," என்றார். "நான் கதைக்கிறன்."

கோபமாகச் சொல்லவில்லை. அன்பாகத்தான் சொன்னார். நான் சந்திவரை பின்னால் போனேன், அவருக்குத் தெரியாமல். ஏற்றத்தில், கராச் வாசலில், இரும்புக் கதவு பாதி தூக்கியிருந்தது. கராச்சுக்காரர் வெளியே வந்தார். அப்பா துண்டை எடுக்கவில்லை. வாயைத் திறந்து ஏதோ சொன்னார், கொஞ்ச நேரம், இரண்டு கையையும் அசைத்து. அந்த மனிதர் தலையைச் சரித்துக் கேட்டார், கேட்டுவிட்டுக் கதவை மேலே தள்ளினார். இருவரும் உள்ளே போனார்கள்.

அப்பா என்ன சொன்னார் என்று எனக்குக் கேட்கவில்லை. அவரும் கடைசிவரை சொல்லவில்லை.